ஒழுகாத பெட்டி

எங்கள் பட்டறைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒரு பெட்டி செய்து காட்ட வேண்டும். மூடி இல்லாத பெட்டி. வெட்டி மிஞ்சிய இரும்புத் தகட்டில் அடிப்பக்கம் ஒன்று, சுற்றுப்பக்கம் நாலு எடுத்து, எல்லா ஓரத்தையும் வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். பிறகு வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, மேஜையில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டு, எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது பேப்பர் காய்ந்திருந்தால் அன்றிலிருந்து ஹோல்டர் நம் கையில். வெல்டிங் ராடைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கிதான் ஹோல்டர். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வெல்டர். பேப்பர் நனைந்திருந்தால் வந்த ஆள் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். அடுத்த பெட்டி வரைக்கும் கிரைண்டரும் பெயின்ட் பிரஷ்ஷும்தான் கதி.

முதல் நாள் நான் பயிற்சி மையத்தில் வாங்கிய சர்ட்டிபிகேட்டை நீட்டினேன். ஓனர் அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார், மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா கீதுக்கா. ஆனா இதுல தண்ணி நிக்காதே."

எனக்குக் கோபம் வரவில்லை. சொன்ன விதம் அப்படி. பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் ஜனங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். அன்றைக்கு அதுதான் வரவு.

நான் பிறந்தது கோவளம் பக்கம், கடற்கரைக் குப்பத்தில். அம்மா மீன் விற்கிறவள். கல்யாணமாகி முடிச்சூர் வந்தேன். வீட்டுக்காரர் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் மாறியது, எங்களுக்கு வேலை போனது. அந்த வாரமே தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில், பெண்களுக்கு வெல்டிங் பயிற்சி என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது. எங்கள் தெருவில் பெரிய வெள்ளம் வந்துபோன பிறகு மரக்கதவெல்லாம் ஊதிப்போய், வீட்டுக்கு வீடு இரும்புக் கதவு போட்டார்கள். நான் அப்போதெல்லாம் வாசலில் நின்று அந்தப் பொறி பறக்கிறதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். கண்ணு கெட்டுடும் உள்ள போ என்று விரட்டுவார்கள். விரட்டின இடத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "போ. வந்தா தொழிலு, வரலன்னா அனுபவம்" என்றார். அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"மீனு வித்தா கை நாறும், இரும்பு புடிச்சா கை கருகும். உனுக்கு எது ஓக்கேவோ அத்த செய்" என்றாள். அது அவளுடைய ஆசீர்வாதம்.

பயிற்சி மையத்தில் என் முதல் பொறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தீக்குச்சி உரசுகிற மாதிரி ராடை இரும்பில் உரசு என்றார்கள். உரசினேன். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தி உரசினேன். பக்கத்து மேஜைப் பெண்களெல்லாம் பளிச் பளிச்சென்று பொறி கிளப்புகிறார்கள், நான் மட்டும் வெண்டைக்காய் தேய்க்கிற மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் எர்த் கிளிப்பை இரும்பில் மாட்டவே இல்லை. ராடு வழியாகப் போகிற கரன்ட் திரும்பி வர ஒரு வழி வேண்டும், அது அந்த கிளிப். மாட்டி உரசியதும் குபுக்கென்று வெளிச்சம் வந்து ராடு அப்படியே இரும்பில் ஒட்டிக்கொண்டது. இழுக்கிறேன், மேஜையே கூட வருகிறது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அழுத்தினால் ஒட்டும், தூக்கினால் அணையும். நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது, அதில் போனால் இரும்பு தண்ணீராக உருகி நாம் சொன்ன இடத்தில் உட்காரும். அந்த மயிரிழை கைக்குப் பிடிபட்ட அன்று, பஸ்ஸில் யாரோ காலை மிதித்ததற்குக்கூட பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டறை முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. ஓனருக்கு என் வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், மிஷின் ஆன் செய்யும்போதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்று சொல்லித்தான் சுவிட்சைப் போடுவார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் பெரியவர் என்று இன்றுவரை முடிவாகவில்லை. இன்னொருவர் அங்கே வெல்டர். என்னைவிடப் பல வருஷம் சின்னவர், போன வருஷம்தான் கல்யாணமானது. தம்பி என்று கூப்பிடுவேன். கை சுத்தம், வாய் அதைவிட நீளம்.

பெயின்ட் அடிப்பதும் கிரைண்டர் பிடிப்பதுமாக நாள் போனது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் சும்மா இருக்கும்போது என் பெட்டியைச் செய்தேன். முதலில் ஓரங்களில் புள்ளி புள்ளியாக டேக் வைத்து நிறுத்திக்கொண்டு, பிறகு ஒவ்வொரு ஓரமாக அடித்தேன். மேலே படிகிற கருப்புக் கசடைச் சுத்தியால் தட்டி உதிர்த்ததும் உள்ளே வரிவரியாகப் பளபளத்தது.

தம்பி குனிந்து பார்த்தார். "யக்கா, மீன் செதிலு மாரியே கீது. பொறந்த எடம் விடாதுன்னு சொல்லுவாங்க, கரீட்டு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீரை ஊற்றினோம், டீக்குப் போனோம். திரும்பி வந்தால் பேப்பர் எழுத்தெல்லாம் கலங்கிப்போய்க் கூழாகக் கிடக்கிறது. அடியில் நாலு மூலையிலும் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஓரமெல்லாம் ஒழுங்கு, மூலைங்கதான் அழுவுது" என்றார் ஓனர். "பஜ்ஜி வாழக்காயா, வெங்காயமா?"

எங்கள் தெருவில் வெள்ளம் வந்தபோது தண்ணீரை வெளியே நிறுத்தத்தான் பாடுபட்டோம். இங்கே தண்ணீரை உள்ளே நிறுத்தப் பாடுபட வேண்டியிருக்கிறது என்றேன். பஜ்ஜி வாயோடு எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் சிரித்து முடித்த பிறகு எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. தண்ணீரைக் கவிழ்த்தேன், துணியால் துடைத்தேன், ஒழுகின மூலையின் மேலேயே இன்னொரு பூச்சு வைத்தேன். தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்தில் சொட்டு நின்றது, ஆனால் விரல் அகலம் தள்ளிப் பக்கத்தில் ஒழுகியது. அங்கேயும் வைத்தேன். அது இன்னும் தள்ளிப் போனது. மூலை முழுக்க வெல்டிங் மேல் வெல்டிங் ஏறிப் பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டது, சொட்டு மட்டும் நிற்கவில்லை.

தம்பி வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "யக்கா, ஒரு பொந்த அடச்சா எலி அடுத்த பொந்துல தலய நீட்டும். நீ எலியத்தான் தொரத்தினுகிற."

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"மேல துணி போட்டு தொடச்சுட்ட. உள்ள கீற சந்துல தண்ணி கீதே, அத்த யாரு தொடைப்பா? நீ ராடு வெச்ச ஒடனே அது ஆவியாயி, பொத்துகினு வெளிய வருது. அந்த ஓட்டதான் இது. ஓட்டய மூடாத. தோண்டு. சுத்தமா கிரைண்டர்ல தோண்டி எடுத்துட்டு, காயவெச்சு, புதுசா அடி."

ஓட்டையை மூடாதே, தோண்டு. இதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். குடும்பச் சண்டைக்குக்கூட இது பொருந்துகிறது என்று பிறகு தெரிந்தது, அது வேறு கதை.

மூலைகள் மட்டும் ஏன் ஒழுகின என்று கேட்டதற்கு, தம்பி என் கையை நானே பார்க்கச் சொன்னார். ஒரு ஓரத்தை அடித்துக்கொண்டே வருவேன். மூலை வந்ததும் அப்பாடா என்று ராடை எடுத்துவிடுவேன். எடுத்த இடத்தில் ஒரு சின்னக் குழி விழும். அடுத்த ஓரத்தையும் அதே மூலையில்தான் ஆரம்பிப்பேன். ஆரம்பமும் முடிவும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்து, அங்கே இரும்பு சரியாகப் பிடிக்கவே இல்லை.

"மூலைல நிக்காம அந்தப் பக்கம் திரும்பிப் போயிட்டு, நேர் எடத்துல போய் நிறுத்துக்கா. ஆனா திரும்பும்போது கை நடுங்கக்கூடாது."

வீட்டில் சோறு போடும்போது இதைச் சொன்னேன். வீட்டுக்காரர் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியுமே. திருப்பத்துல வண்டிய நிறுத்தறவன் பின்னாடி வர்றவன்கிட்ட செம்மையா வாங்குவான்" என்றார். தாம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இது எத்தனை பாடுபட்டுத் தெரிந்த விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து எல் வடிவ ஆங்கிள் இரும்புத் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்து மூலை திருப்பிப் பழகினேன். கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் திருப்ப வேண்டும். முதலில் உடம்பு முழுக்கத் திரும்பியது. டப்பாவோடு சேர்ந்து சரிந்து விழுந்தேன். தம்பி என்னைத் தூக்கவில்லை, ஹோல்டரைத்தான் முதலில் தூக்கினார். "நீ விழுந்தா எழுந்துப்ப, இது ஒடஞ்சா ஓனரு எழுந்துப்பாரு" என்றார்.

நடுவில் ஒரு நாள், தம்பி டேக் வைக்கும்போது, முகத்தை மறைக்கிற கருப்புக் கண்ணாடி ஷீல்டு இல்லாமல் எட்டிப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி எரிச்சல். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என் சின்னப் பெண் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, அத எடுத்து மாவுல தோச்சா பஜ்ஜி போட்டுறலாமா?" என்றாள். பட்டறைக் கதையெல்லாம் வீட்டில் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு ஷீல்டு இல்லாமல் நான் தலையைத் திருப்பியதே இல்லை.

அப்போதுதான் வண்டலூர் வேலை வந்தது. ஒரு மாடி வீட்டுக்கு முழுப் படிக்கட்டுக் கைப்பிடியும் பால்கனி கிரில்லும். இரண்டு வெல்டர் இல்லாமல் முடியாது.

ஓனர் சொன்னார்: "அக்கா, திங்கக்கெழம வேல ஆரம்பிக்கணும். சனிக்கெழமைக்குள்ள உன் பொட்டி நின்னுதுன்னா நீ வா. இல்லன்னா பெருங்களத்தூர்ல ஒரு பையன் கீறான், அவன கூட்டினு போறேன். தப்பா நெனச்சுக்காத, மாடிப்படி கைப்பிடி. அத்த புடிச்சிகினு கொழந்தைங்க எறங்கும்."

தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்தப் பெருங்களத்தூர் பையன் ஒருமுறை வந்து சேர்ந்துவிட்டால், அப்புறம் என் இடம் பெயின்ட் டப்பா பக்கம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த ஹோல்டர் வேண்டும். எப்படி வேண்டுமென்றால், கூட்ட பஸ்ஸில் எழுந்திருக்கப் போகிற ஆளின் சீட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம் இல்லையா, அப்படி.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தகட்டில் ஆரம்பித்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு மூலையிலும் மூச்சை அடக்கி, மணிக்கட்டை மெதுவாகத் திருப்பி, அந்தப் பக்கம் நாலு விரல் போன பிறகுதான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை பெட்டி முடிந்தது. தம்பி பெட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

சனிக்கிழமை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேப்பரை விரித்தோம், பெட்டியை வைத்தோம், தண்ணீரை ஊற்றினோம். சரியாக அந்த நேரத்தில் பட்டறை வாசலில் ஒரு குரல்.

"இங்க இரும்படிக்கிற பொம்பள யாரு?"

அம்மா. தலையில் அலுமினிய அன்னக்கூடை. முடிச்சூர் பக்கம் வியாபாரத்துக்கு வந்தவள், மிச்ச மீனோடு என்னைப் பார்க்க வந்திருக்கிறாள்.

"யம்மா, கூடைய எறக்கி வெச்சுட்டு வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார் ஓனர். அவளும் கண்ணில் பட்ட மேஜையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு வந்தாள்.

டீக்கடையில் என் கதை முழுக்க அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி நின்றால் வண்டலூர், ஒழுகினால் பஜ்ஜி. "ஏன்யா, பொட்டியில தண்ணி நின்னா அவ வெல்டரு, நிக்கலன்னா அவ பஜ்ஜி கடையா? நல்லா கீதே உங்க பரீட்ச" என்று அவள் சொன்னதில் டீ மாஸ்டருக்கே புரையேறியது. நான் மட்டும் டீயைக் கையில் வைத்திருந்தேனே தவிர குடித்ததாக நினைவில்லை.

திரும்பி வந்தோம். தம்பிதான் முன்னால் போனார். மேஜைக்குப் பக்கத்தில் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யக்கா..."

எட்டிப் பார்த்தேன். பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க ஈரம். பெட்டிக்கு அடிவரைக்கும் ஊறிப்போய்க் கருத்திருந்தது.

யாரும் பஜ்ஜியைப் பற்றிப் பேசவில்லை. அது பஜ்ஜி வாங்கித் தருவதைவிட மோசமாக இருந்தது. நான்கு மூலையையும் மனசுக்குள் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். எந்த மூலையில் நின்றேன்? எதில் கை நடுங்கியது?

ஓனர் குனிந்து ஈரத்தில் ஒரு விரலை வைத்தார். எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகம் சுளித்தது.

"அக்கா, நீ பொட்டியில ஊத்துனது கொழா தண்ணிதானே?"

"ஆமாண்ணா."

"கொழா தண்ணி ஏன் கவிச்சு நாறுது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் மேஜையின் அந்தப் பக்கம் பார்த்தோம். அம்மாவின் அன்னக்கூடை. மீனுக்கு மேலே கொட்டிய ஐஸ் உருகி, கூடையின் அடியில் ஏதோ ஓர் ஓட்டை வழியாக மெல்ல மெல்ல வழிந்து, பேப்பரின் ஓரத்தைப் பிடித்து, அங்கிருந்து என் பெட்டி வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கிறது.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஒழுவறது என் கூடை. என் பொண்ணு பொட்டி இல்ல. நல்லா பாத்துக்கோங்க எல்லாரும்!"

"இருங்கம்மா, இன்னும் தெரியாது" என்றார் தம்பி. அவர் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார். கூடையைக் கீழே இறக்கி, மேஜையைத் துடைத்து, பெட்டியின் அடியையும் துணியால் ஒற்றிவிட்டு, புதுப் பேப்பர் விரித்தார். மறுபடியும் காத்திருந்தோம். இந்தத் தடவை யாரும் எங்கேயும் போகவில்லை. ஆளுக்கொரு பக்கம் குனிந்து நின்று பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் இந்தச் சும்மா நிற்கிற நேரத்தை வீணாக்க மனமில்லாமல், கீழே உட்கார்ந்து ஓனருக்கு ஒரு கூறு சங்கரா மீன் விற்றுவிட்டாள். பேரத்தில் கொஞ்சமும் இறங்கவில்லை. "பொண்ணோட ஓனருன்னா மீனு வெல கொறையுமா?"

கடைசியில் ஓனர் பெட்டியைத் தூக்கினார். தண்ணீர் தளும்பியது, விளிம்பைத் தாண்டவில்லை. பேப்பரில் இருந்த ஏதோ ஒரு நகைக்கடை விளம்பரப் பெண்ணின் சிரிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. தம்பி அடியில் நாலு ஓரத்தையும் விரலால் தடவிவிட்டு, விரலைச் சட்டையில் துடைக்கக்கூட இல்லை. துடைக்க ஒன்றும் இல்லை.

"ஸ்தோத்திரம்" என்றார் ஓனர். சுவிட்சுப் பக்கம் போகாமல் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

நான் அழவில்லை. சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், வாய் வலித்தது.

அம்மா உடனே காரியத்தில் இறங்கினாள். "இப்ப வெல்டரு ஆயிட்டியா? அப்ப என் கூடை ஓட்டய அடச்சுக் குடு."

"அம்மா, அது அலுமினியம். அதுக்கு வேற மிஷினு, வேற ராடு. எனக்கு இன்னும் வராது."

"அப்பறம் இன்னா வெல்டரு நீ?"

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டார் சிரிப்பில்.

ஓனர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த ஒரு கேட்டைக் காட்டினார். சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப்போக வேண்டியது, ஒரு கீல் மட்டும் பாக்கி. "திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு? இத்த இப்பவே அடிக்கா. வண்டலூருக்கு முன்னாடி கைக்கு ஒரு போணி."

போணி என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா எழுந்து நின்றாள். அவள் தொழிலில் முதல் வியாபாரம் என்பது சாமி மாதிரி. முந்தானையால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, போதாது என்று சுவர்ப் பக்கம் திரும்பியும் நின்றுகொண்டாள்.

ஓனர் ஹோல்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் எர்த் கிளிப்பைக் கேட்டில் மாட்டினேன், ஷீல்டை முகத்துக்குக் கொண்டுவந்தேன்.

"ஆச்சா?" என்றாள் அம்மா.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லமா."

உரசினேன். வெளிச்சம் அணையாமல் நின்றது. கருப்புக் கண்ணாடிக்குள்ளே கீலும் கேட்டும் சேருகிற இடம் மட்டும் ஒரு சின்னக் குளம் மாதிரி உருகி, நான் போகிற பக்கம் கூடவே வந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. பின்னால் அம்மா குரல் மட்டும் கேட்டது.

"கண்ண மூடினு கேட்டா வஞ்சரம் வறுக்கிற சத்தம்தான்டி இது!"

எனக்குச் சிரிப்பு வந்தது, கையை ஆடவிடவில்லை. கீலின் முனை வந்தது. மணிக்கட்டைத் திருப்பினேன், அந்தப் பக்கம் போனேன்.

"போதும் போதும், எடு," என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே, "கருகிடப் போவுது."

எடுத்தேன்.